1514, 1522, 1524: ஒரு மென்பொருள் வலையமைப்பு அட்டையின் இடக்கணக்கு

யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கணக்காளர் அலுவலகங்களிலும் விண்டோஸ் 7 இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரி 14 உடன் நிறுத்திவிட்டது. ஆனால் பத்து வருடக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஒரு பழைய கணக்கு மென்பொருளுக்குள் கிடக்கும்போது, அதை ஓட்டும் விண்டோஸைக் கைவிடுவது எளிதல்ல. ஆகவே பழைய பெட்டி பழுதானதும், புதிய கணினியில் லினக்ஸைப் போட்டு, அதற்குள் ஒரு மெய்நிகர் இயந்திரமாக விண்டோஸ் 7ஐ ஏற்றிக் கொடுக்கிறார்கள். நல்ல வழிதான்.

பிறகு முறைப்பாடு வரும். இணையப் பக்கம் திறக்கிறது, மின்னஞ்சல் போகிறது, அச்சுப்பொறி வேலை செய்கிறது. ஆனால் பெரிய கோப்பொன்றை உள்ளே இறக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தி ஏதும் இல்லை. கேபிளை மாற்றுகிறார்கள், சுவிட்சை மாற்றுகிறார்கள், றவுட்டரை நிறுத்திப் போடுகிறார்கள். ஒன்றும் மாறுவதில்லை. மாறாததற்குக் காரணம் எளியது: பிழை இருக்கும் அட்டையைக் கையால் தொடவே முடியாது. அது வெறும் மென்பொருள். அந்த மென்பொருள் தன்னிடம் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதைச் சில பைற்றுகள் தவறாக எண்ணினால் என்ன நடக்கும், அதை எப்படித் திருத்தினார்கள் என்பதைத்தான் இக்கட்டுரை விளக்குகிறது.

## இல்லாத அட்டை எப்படி வேலை செய்கிறது?

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் எழுப்பப்பட்ட இன்னொரு கணினி. குழப்பம் வராமல், உண்மையான பெட்டியை வெளிக் கணினி என்றும், அதற்குள் ஓடுவதை உள் இயந்திரம் என்றும் அழைப்போம்.

உள் இயந்திரத்தில் ஓடும் விண்டோஸ், தான் ஒரு உண்மையான பெட்டியில் இருப்பதாகவே நம்பி நடக்கும். அதற்கு ஒரு வலையமைப்பு அட்டை தேவை. அந்த அட்டையின் நடத்தையை ஒவ்வொரு பதிவகமாக (அட்டைக்குள் எண்களை வைக்கும் சிறு இடம்), ஒவ்வொரு பிட்டாக நடித்துக் காட்டும் மென்பொருளுக்கு எமுலேற்றர் என்று பெயர். இவற்றில் பரவலாகப் புழங்குவது கியூஎமு. பிரான்சைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் தொடங்கிய திறந்தமூலத் திட்டம் அது.

கியூஎமு நடிக்கும் அட்டைகள் பல: என்இ2000, ஏஎம்டியின் பிசிநெற், ரியல்டெக்கின் ஆர்டிஎல் 8139, இன்டெலின் இ1000. இவ்வளவு பழைய அட்டைகளை ஏன் நடிக்கவேண்டும் என்று கேட்கலாம். பழைய பணிசெயல் முறைமைகளிடம் இவற்றுக்கான டிரைவர்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதே பதில். டிரைவர் என்பது, முறைமைக்கும் அட்டைக்கும் நடுவே நின்று பேசும் சிறு மென்பொருள். ஆர்டிஎல் 8139 ஒரு மலிவான 100 மெகாபிட் அட்டை. ஒரு காலத்தில் உலகம் முழுவதும் மேசைக் கணினிகளில் செருகப்பட்டிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் குறுந்தட்டிலேயே அதற்கான டிரைவர் இருந்தது. அதனால்தான் மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கும் கருவிகள் நெடுங்காலம் அதையே இயல்பான தெரிவாக வைத்திருந்தன. இக்கட்டுரையின் மையமும் அந்த அட்டைதான்.

## முதலில் தெரியவேண்டிய நான்கு சொற்கள்

1. பொதி: வலையமைப்பில் தரவு துண்டு துண்டாகவே வரும். ஈதர்நெற்றில் வழமையான மிகப்பெரிய பொதி 1514 பைற்று. அதில் 1500 தரவு, 14 முகவரித் தலைப்பு.

2. பெறும் பஃபர்: வந்த பொதிகளை டிரைவர் எடுக்கும்வரை வைத்திருக்கும் நினைவகப் பகுதி. ஆர்டிஎல் 8139இல் இதன் அளவு 8, 16, 32 அல்லது 64 கிலோபைற்று. அளவை டிரைவர் தெரிவுசெய்யும். பஃபரின் கடைசிக்கு வந்ததும் எழுத்து மறுபடி முதலுக்குத் திரும்பும். அதனால் இது ஒரு வட்டம்.

3. எழுதும் குறி: அடுத்த பொதியை எங்கே எழுதவேண்டும் என்று அட்டை வைத்திருக்கும் இடக்குறி. அட்டைதான் இதை நகர்த்தும்.

4. வாசிக்கும் குறி: இதுவரை எதுவரை எடுத்தாயிற்று என்பதை டிரைவர் அட்டைக்குச் சொல்லும் இடக்குறி. டிரைவர்தான் இதை நகர்த்தும்.

இந்த அட்டையில் வாசிக்கும் குறியை டிரைவர் எப்போதும் 16 குறைத்தே எழுதும். அதைப் பெறும் எமுலேற்றர் 16ஐக் கூட்டிக்கொள்ளவேண்டும். ஏன் 16 என்பது சிப்பின் வடிவமைப்பாளர்களோடு போன விடயம். ஆனால் உண்மை அட்டை அப்படி நடப்பதால் நடிக்கும் அட்டையும் அப்படியே நடக்கவேண்டும். எமுலேற்றர் எழுதுபவருக்கு வன்பொருளின் விநோதங்களைத் திருத்தும் உரிமை கிடையாது.

இன்னொரு விடயம். இந்தச் சிப்புக்கு இரண்டு நடைமுறைகள் உண்டு. ஒன்று மேலே சொன்ன வட்டப் பஃபர் முறை. மற்றது சி பிளஸ் எனப்படும் புதிய முறை. அதில் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனி இடம் கொடுக்கப்படும். லினக்ஸ் உள் இயந்திரமாக இருந்தால் பெரும்பாலும் சி பிளஸ் முறைக்குப் போய்விடும். அதனால் லினக்ஸ் பாவிப்பவர்களில் பலர் இந்தப் பிழையைக் கண்டதே இல்லை. இங்கே பேசுவது முழுவதும் வட்டப் பஃபர் முறையைப் பற்றியது.

## வெறுமையா, நிறைவா?

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதியில் இருவர் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு, ஒரே திசையில் சுற்றுகிறார்கள் என்று வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இதற்கு இரண்டு பொருள் இருக்கலாம். பின்னால் வந்தவர் முன்னால் போனவரைப் பிடித்துவிட்டார். அல்லது முன்னால் போனவர் ஒரு முழுச் சுற்றை முடித்து, பின்னால் நிற்பவரின் முதுகுக்கு வந்துவிட்டார். நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து எது உண்மை என்று சொல்லமுடியாது.

வட்டப் பஃபரின் சிக்கல் இதுதான். எழுதும் குறியும் வாசிக்கும் குறியும் ஒரே இடத்தில் இருந்தால், எல்லாவற்றையும் டிரைவர் எடுத்துவிட்டது, பஃபர் வெறுமை என்று கொள்ளலாம். எழுதும் குறி ஒரு முழுச் சுற்று முந்திவிட்டது, பஃபர் நிறைந்துவிட்டது என்றும் கொள்ளலாம்.

இதைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பஃபரை ஒருபோதும் முழுதாக நிறைய விடாமல் சிறு இடைவெளியை எப்போதும் வைத்திருப்பது. அப்படியானால் இரண்டு குறிகளும் சந்தித்தால் அது வெறுமை மட்டுமே. மற்றது, நிறைந்துவிட்டதா என்பதைக் காட்டத் தனி அடையாளம் ஒன்றை வைப்பது. இரண்டாவது தெளிவாகத் தோன்றினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமல் வேறொரு கணினிக்கு மாற்றும் வசதி கியூஎமுவில் இருக்கிறது. அப்போது அட்டையின் முழு நிலையும் ஒரு வரையறுத்த வடிவில் அனுப்பப்படும். புதிய அடையாளம் ஒன்றைச் சேர்த்தால் அந்த வடிவமும் மாறும். பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும் இடையே மாற்றம் முறிந்துபோகலாம். எனவே இருக்கும் இரண்டு குறிகளைக் கொண்டே கணக்கைச் சரியாக்க முடிந்தால் அதுவே நல்லது.

கியூஎமுவின் 8139 முதல் வழியைத்தான் நம்பியிருந்தது. ஆனால் அந்த இடைவெளியைக் காக்கும் சோதனையில் ஓட்டை இருந்தது.

## மூன்று எண்கள்

1514 பைற்றுப் பொதி ஒன்று பஃபருக்குள் போகும்போது உண்மையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கும்?

1. பொதி: 1514.
2. அதற்கு முன்னால் அட்டை எழுதும் தலைப்பு: 4 பைற்று. முதல் இரண்டு பைற்று பொதியின் நிலையைச் சொல்லும், மற்ற இரண்டு நீளத்தைச் சொல்லும்.
3. பின்னால், பொதி வழியில் கெட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகை: 4 பைற்று. இதுவரை 1522.
4. அடுத்த பொதி நான்கின் மடங்கான இடத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது இந்தச் சிப்பின் விதி. 1522 நான்கின் மடங்கல்ல. அடுத்த மடங்கு 1524. ஆகவே 2 பைற்று வெறுமையாக விடப்படும்.

ஆக உண்மையான செலவு 1524. கியூஎமுவின் நிரலிலோ இந்தக் கேள்விக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விடைகள் இருந்தன. பொதியை அனுப்பலாமா என்று முன்கூட்டியே கேட்கும் பகுதி, 1514 பைற்று இருந்தால் போதும் என்றது. பொதியை எழுதுவதற்கு முன் சோதிக்கும் பகுதி, பொதியின் நீளத்தோடு 8ஐ மட்டும் கூட்டி 1522 என்றது. எழுதி முடித்தபின் குறியை நகர்த்தும் பகுதி மட்டும் 1524 நகர்த்தியது.

இரண்டு பைற்றுத்தானே என்று தோன்றும். 8 கிலோபைற்றுப் பஃபரை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மொத்தம் 8192 பைற்று. உள் இயந்திரம் வேறு வேலையில் இருப்பதால் டிரைவர் எதையும் எடுக்கவில்லை. வாசிக்கும் குறி 0இல் நிற்கிறது.

1. ஐந்து பெரிய பொதிகள் வருகின்றன. 5 × 1524 = 7620. மிச்சம் 572.

2. இப்போது 561 பைற்றில் ஒரு சிறிய பொதி வருகிறது. பழைய சோதனை 561 + 8 = 569 என்று கணக்கிடும். மிச்சம் இருக்கும் 572ஐவிட இது குறைவு. எனவே எழுதலாம் என்று விடும்.

3. எழுதியபின் குறியை நகர்த்தும்போது 569, நான்கின் மடங்காகிய 572 ஆகிறது. 7620 + 572 = 8192. வட்டம் முடிந்து எழுதும் குறி 0க்குத் திரும்புகிறது.

4. வாசிக்கும் குறியும் 0. எழுதும் குறியும் 0. ஆறு பொதிகளால் நிறைந்திருக்கும் பஃபர், வெறுமையாகிவிட்டது என்று அட்டை முடிவுசெய்கிறது. பஃபர் வெறுமை என்று டிரைவருக்குக் காட்டும் பிட்டும் அப்படியே சொல்லும்.

5. அடுத்த பொதி வந்ததும் தயக்கமின்றி 0இலிருந்து எழுதப்படும். இன்னும் வாசிக்கப்படாத முதற் பொதி அழிகிறது. மற்ற ஐந்தும் இருந்தும் இல்லாதவையாகின்றன. டிரைவர் முதற் பொதியைப் பாதி எடுத்துக்கொண்டிருந்த நேரமாக இருந்தால், பழையதும் புதியதும் கலந்த குப்பைதான் அதன் கைக்குக் கிடைக்கும்.

இந்த எடுத்துக்காட்டில் 561, 562, 563 ஆகிய மூன்று நீளங்கள் மட்டுமே விபத்தை உண்டாக்கும். 560 வந்தால் 568 ஆகி, 4 பைற்று மிஞ்சும். 564 வந்தால் சோதனையே தடுத்துவிடும். பஃபரில் மிஞ்சும் இடம் ஒவ்வொரு தடவையும் வேறாக இருப்பதால் ஆபத்தான அந்த மூன்று நீளங்களும் தடவைக்குத் தடவை மாறும். ஒருநாள் வரும், மறுநாள் வராது. ஒருவரின் கணினியில் வரும், பக்கத்து மேசையில் வராது. இப்படிப்பட்ட பிழையைத் தேடும்போது கேபிளில் பழி போடுவதை யாரும் குற்றம் சொல்லமுடியாது.

2015இல் இந்தச் சோதனை திருத்தப்பட்டது. நீளத்தோடு 8ஐக் கூட்டி, அதை நான்கின் மடங்காக உயர்த்தி, பிறகே மிச்ச இடத்தோடு ஒப்பிடவேண்டும். சமமாக இருந்தாலும் மறுக்கவேண்டும். ஒரு வரி மாற்றம். இதன்பின் எழுதும் குறி வாசிக்கும் குறியைப் பின்புறமாக வந்து தொடவே முடியாது.

ஆனால் அடிப்படைக் குறை வேறு என்பது என் கருத்து. "இந்தப் பொதிக்கு எவ்வளவு இடம் வேண்டும்" என்ற கேள்விக்கு நிரலில் ஒரே ஓர் இடம்தான் விடை சொல்லவேண்டும். கேட்கும் பகுதி, சோதிக்கும் பகுதி, நகர்த்தும் பகுதி ஆகிய மூன்றும் அந்த விடையையே பாவிக்கவேண்டும். எண்களை மூன்று இடங்களில் தனித்தனியே எழுதினால், அவை ஒரு நாள் பிரிந்துபோவது நிச்சயம்.

## நிறைந்தால் என்ன செய்வது?

பஃபர் நிறைந்துவிட்டது என்று சரியாகக் கண்டுபிடித்தாயிற்று. இப்போது வந்து நிற்கும் பொதியை என்ன செய்வது? உண்மை அட்டைக்குத் தெரிவே இல்லை. கேபிளில் வரும் மின்சைகை காத்திருக்காது. பொதியைக் கைவிட்டு, தவறவிட்ட எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி, பஃபர் வழிந்தது என்று டிரைவருக்கு அறிவிக்கும். அவ்வளவுதான்.

மென்பொருள் அட்டைக்கு இன்னொரு வழி இருக்கிறது. பொதியை அதனிடம் கொடுப்பது கேபிள் அல்ல, கியூஎமுவின் வேறொரு பகுதி. அந்தப் பகுதியிடம் ஒரு வரிசை உண்டு. பொதியைப் பெறும் செயல்கூறு (நிரலில் அந்த வேலையைச் செய்யும் பகுதி) பொதியின் நீளத்தைத் திருப்பிச் சொன்னால், வாங்கிவிட்டேன் என்று பொருள். 0 என்று சொன்னால், இப்போது இடமில்லை, வைத்திரு என்று பொருள். வைத்திருக்கும் பகுதி அதன்பின் வெளிக் கணினியிடமிருந்து புதிய பொதிகளை எடுப்பதையே நிறுத்திவிடும். எடுத்து எடுத்து எறிவதற்குச் செலவாகும் நேரம் மிச்சமாகும்.

உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கிணற்றடியில் ஒருவர் மோட்டரோடு நிற்பார். தோட்டத்துக்குள் ஒருவர் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவார். பாத்தி நிறைந்து, அடுத்தது திறக்கமுடியாமல் இருந்தால், நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். அடுத்த பாத்தியைத் திறந்ததும், மறுபடி விடச் சொல்லிக் குரல் கொடுக்கவேண்டும். இரண்டாவது குரல் வராவிட்டால் பாத்திகள் திறந்தே கிடக்கும், மோட்டர் நின்றே கிடக்கும், இருவரும் மற்றவருக்காகக் காத்திருப்பார்கள்.

ஆர்டிஎல் 8139க்கு நடந்தது அதுவேதான். நிறுத்தும் குரல் இருந்தது. திரும்பத் தொடங்கும் குரல் இல்லை. விண்டோஸ் 7இன் டிரைவர் பஃபரைக் காலிசெய்து, வாசிக்கும் குறியை நகர்த்தியும் விட்டது. ஆனால் அந்தக் குறி நகர்ந்ததைக் கண்டதும் வரிசையை எழுப்பவேண்டிய ஓர் அழைப்பு நிரலில் விடுபட்டிருந்தது. கோப்புகளைப் பரிமாறும் எஃப்டிபி முறையில் பெரிய கோப்பொன்றை விண்டோஸ் 7 உள் இயந்திரத்துக்கு இறக்கினால், இறக்கம் நடுவழியில் உறைந்துபோகும். 2013இல் இந்தக் குறையை வெளிக்காட்டிய சோதனை அதுதான். திருத்தம் இங்கேயும் ஒரு வரிதான்: வாசிக்கும் குறியை டிரைவர் எழுதும்போதெல்லாம், காத்திருக்கும் பொதிகளை அனுப்பு என்று வரிசைக்குச் சொல்லவேண்டும்.

அது சரியானபின்னும் இன்னொன்று பாக்கி இருந்தது. பஃபர் வழியும்போது, பொதியைப் பெறும் செயல்கூறு 0 என்று சொல்லாமல் பொதியின் நீளத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது எழுதவே இல்லாத பொதியை வாங்கிவிட்டேன் என்று சொன்னது. வரிசையும் அதை நம்பி அழித்துவிட்டது. 2015இல் இதுவும் 0 ஆக்கப்பட்டது.

இந்த ஒழுங்கு முக்கியமானது. 2013இன் திருத்தம் இல்லாமல் 2015இன் திருத்தத்தை மட்டும் செய்திருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். முன்பு ஒரு பொதி தொலைந்தது. அதன்பின் முழு இணைப்பும் நின்றிருக்கும். காத்திரு என்று சொல்லும் உரிமை, வா என்று அழைக்கும் பொறுப்போடுதான் வருகிறது.

## ஒரு பொதி தொலைந்தால் என்ன கெடும்?

கோப்பு நகலெடுப்பு, இணையப் பக்கம் போன்றவை ரிசிபி முறையில் நடக்கின்றன. அதில் தொலைந்த பொதி மறுபடி கேட்டு வாங்கப்படும். வேகம் குறையும், ஆனால் தரவு கெடாது. அதனால் பலர் பிழையைக் கவனிக்காமல் கணினி மந்தம் என்று விட்டுவிடுவார்கள்.

யூடிபி முறையில் மறுபடி கேட்பது கிடையாது. அங்கே பெரிய செய்தி ஒன்று வந்தால் பாதிப்பு பெருக்கெடுக்கும். யூடிபியில் அனுப்பக்கூடிய மிகப்பெரிய செய்தி 65,507 பைற்று. இது 1500 பைற்று எல்லைக்குள் போக 45 துண்டுகளாக வெட்டப்படும். அவற்றில் 44 முழுத் துண்டுகள். ஒவ்வொன்றும் பஃபரில் 1524 பைற்றைப் பிடித்தால் 67,056. மிகப்பெரிய 64 கிலோபைற்றுப் பஃபரே 65,536தான். ஆகவே டிரைவர் நடுவில் எடுக்காவிட்டால் பஃபர் கட்டாயம் வழியும். 45இல் ஒரு துண்டு தொலைந்தாலும் முழுச் செய்தியும் வீண். அதனால்தான் 2015இன் திருத்தம் பெரிய செய்திகளின் துண்டுகள் தொலைவதைக் காரணமாகச் சொன்னது.

பஃபரைப் பெரிதாக்கினால் தீராதா என்ற கேள்விக்கும் இதே கணக்கு விடை சொல்கிறது. பெரிதாக்கினால் விபத்து அரிதாகும். தீராது. அரிதாகும் பிழையைப் பிடிப்பது இன்னும் கடினம்.

## உண்மைப் பெட்டியில் அரிதாக நிறைவது இங்கே ஏன் அடிக்கடி நிறைகிறது?

1. உள் இயந்திரத்தின் மூளை தொடர்ந்து ஓடுவதில்லை. வெளிக் கணினி அதற்கு நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. சில மில்லிசெக்கன்கள் அது அப்படியே நிறுத்திவைக்கப்படலாம். அந்த நேரத்திலும் வெளிக் கணினி பொதிகளைப் பெற்றுக்கொண்டே இருக்கும்.

2. 100 மெகாபிட் வேகத்தில் 8192 பைற்று வந்துசேர ஏறத்தாழ 0.66 மில்லிசெக்கன் போதும்.

3. அந்த 100 மெகாபிட் என்ற எல்லைகூட இங்கே உண்மையல்ல. அட்டை தன்னை 100 மெகாபிட் என்று அறிமுகப்படுத்தும். ஆனால் வெளிக் கணினியிலிருந்து உள்ளே பொதி போவது வெறும் நினைவக நகலெடுப்பு. அதற்குக் கேபிளின் வேகத் தடை இல்லை.

எனவே 100 மெகாபிட்டுக்கு அளவெடுத்து வெட்டிய பஃபர், அதைவிட வேகமான ஓட்டத்தை, அடிக்கடி தூங்கிவிடும் ஒரு டிரைவரோடு சமாளிக்கவேண்டியிருக்கிறது.

## இதே கணக்கு பிழைத்தால் பாதுகாப்பும் போகும்

8139இன் பிழையில் பொதிகள் தொலைந்தன, இணைப்பு நின்றது. வேறு அட்டைகளில் இதே வகைப் பிழை கதவையே திறந்துவிட்டது.

பிசிநெற் அட்டையின் கதைதான் நெஞ்சை உறுத்துவது. கியூஎமுவில் அதற்குப் பொதியை வைக்க 4096 பைற்று இடம் இருந்தது. அட்டை தனக்குத்தானே பொதியை அனுப்பிச் சோதிக்கும் லூப்பாக் முறையில், பொதியின் முடிவில் 4 பைற்றுச் சரிபார்ப்புத் தொகை சேர்க்கப்படும். பொதி சரியாக 4096 ஆக இருந்தால் அந்த 4 பைற்றும் ஒதுக்கிய இடத்துக்கு வெளியே விழும். அதற்கு அடுத்து இருந்தது, குறுக்கீட்டை (முறைமையின் கவனத்தைக் கோரும் சைகையை) அனுப்பும்போது அட்டை பாவிக்கும் ஒரு நினைவக முகவரி. உள் இயந்திரத்தில் இருக்கும் தீயவர் ஒருவர் பொதியைத் திட்டமிட்டு அமைத்து, அந்த முகவரியை மாற்றி, வெளிக் கணினியிலேயே தன் நிரலை ஓட்ட வழி இருந்தது. பாதுகாப்புக் குறைகளைப் பதியும் பொதுப் பட்டியலில் சிவிஇ-2015-7504 என்ற எண்ணில் இது பதியப்பட்டது. மெய்நிகர் இயந்திரத்தின் முழு நம்பிக்கையும் உள்ளே இருப்பவர் வெளியே வரமுடியாது என்பதில்தான் நிற்கிறது. நான்கு பைற்று அந்தச் சுவரை உடைத்தது.

இ1000இல் ஆபத்து எதிர்த் திசையில் வந்தது. நீளமான பொதிகளை ஏற்கும் வசதியை டிரைவர் இயக்காவிட்டால், உண்மை அட்டை 1522 பைற்றுக்கு மேற்பட்ட பொதிகளை எறிந்துவிடும். (மேலே வந்த 1522க்கும் இதற்கும் தொடர்பில்லை, எண் ஒத்துப்போவது தற்செயல்.) மென்பொருள் அட்டை அதைச் செய்யவில்லை. எதிர்பாராத நீளத்தில் வந்த பொதி உள் இயந்திரத்தின் டிரைவரைத் தாக்கும் நிலை இருந்தது. சிவிஇ-2012-6075 என்ற எண்ணோடு அது மூடப்பட்டது.

என்இ2000இல் வட்டத்தின் தொடக்கமும் முடிவும் எங்கே என்பதை டிரைவர் பதிவகங்களில் எழுதும். முடிவு தொடக்கத்துக்கு முன்னால் இருப்பதாக ஒருவர் எழுதினால் என்ன ஆகும் என்று நிரல் சோதிக்கவில்லை. விளைவு முடிவற்ற சுழற்சி. உள்ளேயிருந்து வரும் எந்த எண்ணையும் சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை இந்த அட்டை காட்டியது.

## இங்கே ஒருவர் செய்யக்கூடியது

1. அட்டை எது என்று பாருங்கள். உள் விண்டோஸின் சாதன முகாமையில் ரியல்டெக் ஆர்டிஎல் 8139சி பிளஸ் என்று இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

2. வெளிக் கணினியில் கியூஎமுவின் பதிப்பைப் பாருங்கள். 2016க்குப் பின் வெளிவந்த பதிப்பானால் மேலே சொன்ன திருத்தங்கள் அதில் இருக்கும். நன்றாக ஓடுகிறதே என்று பத்து வருடம் தொடாமல் விட்ட சேர்வர்கள்தான் கவனிக்கவேண்டியவை.

3. புதுப்பிக்க முடிந்தாலும் அட்டையை மாற்றுவதே என் பரிந்துரை. விண்டோஸ் 7க்கு இ1000 தனியாக டிரைவர் நிறுவாமலே வேலை செய்யும். வேர்ட்டையோ (virtio) என்ற அட்டை இன்னும் வேகமானது. அது எந்த உண்மை அட்டையையும் நடிக்காமல், மெய்நிகர் இயந்திரத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு டிரைவரைத் தனியாக நிறுவவேண்டும்.

4. மாற்றுவதற்கு முன் ஐபி முகவரி அமைப்புகளைக் குறித்து வையுங்கள். விண்டோஸ் இதைப் புதிய அட்டையாகவே எண்ணும், பழைய அமைப்பு தானாக வராது. அட்டையின் அடையாள எண்ணாகிய மாக் முகவரியை மாற்றாமல் அப்படியே கொடுங்கள். சில கணக்கு மென்பொருள்களின் உரிமம் அதோடு பிணைந்திருக்கும்.

5. வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க முன் சோதியுங்கள். சில கிகாபைற்று அளவுள்ள கோப்பொன்றை உள்ளே இறக்கி, இரு பக்கமும் எஸ்எச்ஏ-256 தொகையை (கோப்பில் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். அது ரிசிபி சோதனை மட்டும். பஃபரின் இடக்கணக்கைச் சோதிக்க, வெளியிலிருந்து பிங்கை (மறுபக்கம் விடை தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொதி) 1 பைற்றிலிருந்து 1472 வரை ஒவ்வொரு நீளத்திலும் இடைவிடாமல் அனுப்புங்கள். பிங் தரவோடு 42 பைற்றுத் தலைப்புகள் சேர்வதால் 1472 என்பது 1514 பைற்றுப் பொதியாகும். அதே நேரத்தில் உள் இயந்திரத்தை வேறு கனமான வேலையில் அமர்த்துங்கள். வேலையின்றி ஓய்ந்திருக்கும் இயந்திரத்தில் பஃபர் நிறையாது, நிறையாத பஃபரில் இந்தப் பிழை வெளிவராது.

6. பிங்கின் விடைகள் சிலது தவறுவதை வைத்துப் பதறவேண்டாம். நிறைந்த பஃபர் காத்திருக்கச் சொல்லும், காத்திருப்பு நீண்டால் விடை பிந்தும். பார்க்கவேண்டியது சோதனையை நிறுத்தியபின் வரும் முதல் நிமிடம். ஒரு சாதாரண பிங் உடனே விடை கொண்டுவந்தால் வரிசை எழுப்பப்படுகிறது. விடையே வராமல், வெளிக் கணினியின் மற்ற இணைப்புகள் மட்டும் ஒழுங்காக இருந்தால், எழுப்பும் அழைப்பு இன்னும் எங்கோ விடுபட்டிருக்கிறது.